ஒரே அட்டி, இரண்டு ஃபைல்

மஞ்சள் குடோனுக்குள் போனவர்களுக்குத் தெரியும், முதல் பத்து நிமிடம் தும்மல்தான். 2012 மே மாதக் கடைசியில், ஈரோட்டில் அப்படி ஒரு குடோனில், ஒரு கையில் கடன் வாங்கியவர் கொடுத்த சரக்குக் கணக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் இன்னொரு கையில் மூக்கைப் பொத்திய சேலைத் தலைப்புமாக நின்றிருந்தேன். அப்போது நான் ஒரு வங்கியின் மண்டல அலுவலகத்தில் ரிஸ்க் பிரிவில் இருந்தேன். சிறுதொழில் கடன் பிரிவைச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருவரும் கூட வந்திருந்தார்.

மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது நடக்காத காரியம். அட்டியின், அதாவது மூட்டை அடுக்கின், முகப்பில் எத்தனை வரிசை, உயரத்தில் எத்தனை அடுக்கு, ஆழத்தில் எத்தனை என்று பார்த்துப் பெருக்குவோம். நடுவில் பொந்து விட்டு அடுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க ஆளை மேலே ஏற்றுவோம். அன்று அந்த அட்டியில் பதினாறு வரிசை, பத்து அடுக்கு, ஆழம் நான்கு. 640 மூட்டை விரலி மஞ்சள். ஸ்டேட்மென்ட்டில் இருந்ததும் அதுதான். அதிகாரி டிக் போட்டார். நாங்கள் அடுத்த அட்டிக்கு நகர்ந்தோம்.

மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க மேடம், இதையவே போன வாரம் வேற சாருங்க வந்து எண்ணிட்டுப் போனாங்களே. மறுக்காவும் எண்ணோணுமா?" என்றார்.

"எந்த சார்ங்க?"

"உங்க பேங்குதானுங்க. இதே மாதிரி கழுத்துல அட்டை போட்டிருந்தாங்க."

பேசியபடியே எழுந்து போய், அட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கைக் காட்டினார். அங்கே ஒரு தகரப் பலகை. எங்கள் வங்கியின் பெயர், கீழே கடன் கணக்கு எண். சிறுதொழில் பிரிவின் எண் அல்ல அது. விவசாயக் கடன் பிரிவின் எண்.

நடந்தது இதுதான். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் மஞ்சள் மண்டி அது. மண்டியின் பெயரில் சிறுதொழில் பிரிவு கேஷ் கிரெடிட் கொடுத்திருந்தது. அதற்கு ஈடு, மண்டியின் சரக்கு. சரக்கு அவர்கள் கையிலேயே இருக்கும். மாதாமாதம் ஸ்டேட்மென்ட் கொடுப்பார்கள். அதன் மதிப்பில் கால் பங்கு மார்ஜின் கழித்து மீதிக்குப் பணம் எடுக்கலாம். அண்ணன்காரருக்கும் அவர் சொந்தக்காரர்கள் சிலருக்கும் நிலம் உண்டு. விளைந்த மஞ்சளைக் குடோனில் வைத்து, அதன் ரசீதின் மேல் விவசாயப் பிரிவில் தனித்தனியாகக் கடன் வாங்கியிருந்தார்கள். இரண்டு கடனுக்கும் அந்த 640 மூட்டைதான் ஈடு.

மஞ்சள் விலை 2010-இல் குவிண்டால் பதினாறு, பதினேழாயிரம் ரூபாய் வரை ஏறியது. அந்த ஆசையில் எல்லோரும் மஞ்சளே நட்டார்கள். 2012-இல் நாலாயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. கால் பங்கு மார்ஜின் எந்த மூலைக்கு? அதோடு சரக்கே நாம் நினைத்ததில் பாதி என்றால்?

மண்டல அலுவலகத்துக்குத் திரும்பியதும் விசாரணை வந்தது. அதில்தான் எனக்கு முதல் அதிர்ச்சி. இரண்டு பிரிவும் தங்கள் ஃபைலை மேஜையில் வைத்தன. இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. விவசாயப் பிரிவிடம் குடோன் ரசீது, இன்ஷூரன்ஸ், பலகை வைத்ததற்கு போட்டோ, போன வார ஆய்வு அறிக்கை எல்லாம் இருந்தன. சிறுதொழில் பிரிவிடம் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட், ஆடிட்டர் சான்று, காலாண்டு ஆய்வு என ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவரவர் ரிஸ்க்கை அவரவர் ஒழுங்காகத்தான் பார்த்திருந்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டிய இடத்தில் யார் இருந்தார்கள்? நான்தான் இருந்தேன்.

இதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் காலாண்டில் நான் தயாரித்த ரிஸ்க் அறிக்கையில் விவசாயப் பிரிவின் கீழ் மஞ்சள் தனி வரியாக இருந்தது. சிறுதொழில் பிரிவின் கீழ் மஞ்சள் என்ற சொல்லே கிடையாது. "மொத்த வியாபாரம்" என்ற பொதுத் தலைப்புக்குள் அது போய்விட்டது. அந்தத் தலைப்பைக் கொடுத்தது அவர்கள். அதை அப்படியே வாங்கி என் அட்டவணையில் ஒட்டியது நான். இரண்டு பிரிவும் தந்த எண்களைக் கூட்டி அடியில் ஒரு மொத்தம் போட்டிருந்தேன். எண்ணைக் கூட்டினேன், பொருளைக் கூட்டவில்லை. மூட்டை தூக்குகிற மனிதர் ஒரு வார இடைவெளியில் கண்டுபிடித்ததை நாங்கள் ஒரு வருடம் பார்க்கவில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பெயர். கம்ப்யூட்டர் வந்து, கோர் பேங்கிங் வந்து, எல்லாக் கிளையும் ஒரே சிஸ்டத்தில் இருந்தும், ஒரே ஆளுக்கு மூன்று கஸ்டமர் ஐடி இருக்கும். கே.சுப்பிரமணியம் ஒரு கிளையில். சுப்பிரமணியன் கே இன்னொன்றில். இனிஷியலை விரித்து அப்பா பெயரை முதல் பெயராகப் போட்டு ஏற்றியது மூன்றாவதில். ரேஷன் கார்டில் ஒன்று, பான் கார்டில் ஒன்று என்று ஆளே இரண்டு விதமாகக் கையெழுத்துப் போடுவார். தப்பான எண்ணம் எதுவும் வேண்டாம், நம்முடைய பெயர் வைக்கும் முறையே போதும், ஒரு ரிஸ்க் மூன்றாகப் பிரிந்து நிற்க. இந்த மண்டிக்காரர் விஷயத்திலும் ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தார்களா என்று இன்று வரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரு பிரிவு கேட்டபோது அந்த அட்டியைக் காட்டினார்கள். இன்னொரு பிரிவு கேட்டபோதும் அதையே காட்டினார்கள். அடுத்தவருக்கும் இதையே காட்டினீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஏஐஜி கதையை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். 2008-இல் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று விழுந்தது, அரசு காப்பாற்றியது என்ற அளவில் நம் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அதை ஒரே ஒரு பிரிவின் கதையாகச் சொல்வார்கள். லண்டனிலும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலும் அலுவலகம் வைத்திருந்த ஏஐஜி ஃபைனான்சியல் பிராடக்ட்ஸ்தான் அந்தப் பிரிவு. அடுத்தவர்கள் வாங்கி வைத்திருக்கும், வீட்டுக்கடன்களைத் தொகுத்து விற்ற முதலீட்டுப் பத்திரங்கள் மூழ்கினால் நாங்கள் ஈடு தருகிறோம் என்று சுமார் 7,800 கோடி டாலருக்கு அது வாக்குக் கொடுத்திருந்தது. விலை இறங்க இறங்க, வாக்கு வாங்கியவர்கள் ரொக்கப் பிணை கேட்டு நெருக்கினார்கள்.

எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் பட்டது வேறு. வீட்டுக்கடன் தரம் கெட்டுப்போகிறது என்று பயந்து, அந்தப் பிரிவு 2005 முடிவிலேயே புதிதாக அப்படி வாக்குக் கொடுப்பதைக் குறைத்து நிறுத்த ஆரம்பித்துவிட்டது. அதே நேரத்தில் அதே கம்பெனியின் இன்னொரு கை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் கையிருப்பில் உள்ள பத்திரங்களை வெளியாருக்கு இரவல் கொடுத்து, பதிலுக்கு ரொக்கம் வாங்கி வைத்துக்கொள்ளும் பிரிவு அது. பத்திரம் திரும்பி வந்தால் ரொக்கத்தையும் திருப்பித் தர வேண்டும். சும்மா கிடக்கும் ரொக்கத்தை அவர்கள் 2005 கடைசியிலிருந்து எதில் போட்டார்கள் தெரியுமா? வீட்டுக்கடன் பத்திரங்களில். உச்சத்தில் அந்தப் பிரிவு 7,000 கோடி டாலருக்கு மேல் கையாண்டது; அதில் பாதிக்கு மேல் வீட்டுக்கடன். ஒரு பிரிவு பயந்து வெளியேறிய வாசல் வழியாக மற்றொரு பிரிவு உள்ளே போனது. பற்றாததற்கு வீட்டுக்கடனுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கும் யுனைடெட் கேரன்ட்டி என்ற கம்பெனியும் அதே குழுமத்தில்தான் இருந்தது. இதைப் படித்தபோது எனக்குத் தகரப் பலகைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் கதையில் அட்டி என்பது அமெரிக்காவின் வீடுகள்.

தலைமை அலுவலகத்தில் ரிஸ்க் பிரிவு இல்லையா என்றால், இருந்தது. 2007 இறுதியில் தணிக்கை நிறுவனமான பிடபிள்யூசி சொன்ன கவலைகளில் ஒன்று, குழுமத்தின் ரிஸ்க் பிரிவால் ஃபைனான்சியல் பிராடக்ட்ஸுக்குள் போய்ப் பார்க்க முடியவில்லை என்பது. அந்தப் பிரிவுக்கு உள்ளேயே கணக்குக் கொள்கையைப் பார்க்க அமர்த்தப்பட்டவர் ஜோசப் செயின்ட் டெனிஸ். அவர் 2007 அக்டோபரில் வேலையை விட்டார். ஒரு வருடம் கழித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், பிரிவுத் தலைவர் ஜோசப் கசானோ தன்னிடம் என்ன சொன்னார் என்பதைப் பதிவு செய்திருக்கிறார். மதிப்பிடும் வேலையில் நீங்கள் கலந்தால் அது மாசுபட்டுவிடும் என்ற பயத்தில், தெரிந்தேதான் உங்களை ஒதுக்கி வைத்தேன் என்று சொன்னாராம். ரிஸ்க் பார்க்கிறவரை உள்ளே விடுவது மாசு என்று ஒரு தலைவருக்குத் தோன்றுகிறது. சிறிய அளவில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். "மேடம், அது எங்க வெர்ட்டிகல் விஷயம், நாங்க சென்னைக்கு ரிப்போர்ட் பண்ணிக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மரியாதை குறையாது, கதவும் திறக்காது.

வெளியிலிருந்து பார்க்க வேண்டியவர்களும் இப்படித்தான் பிரிந்து கிடந்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளை அந்தந்த மாநில அதிகாரிகள் பார்த்தார்கள். குழுமம் முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தது சேமிப்பு, வீட்டுக்கடன் சங்கங்களுக்கான ஒரு அரசு அலுவலகம். 2008 செப்டம்பர் 16 அன்று அமெரிக்க ரிசர்வ் வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து, கம்பெனியின் 79.9 சதவீதத்தை அரசுப் பக்கம் எடுத்துக்கொண்டது. உதவியாக ஒதுக்கியது கடைசியில் 18,200 கோடி டாலர் வரை போனது. மேற்பார்வை செய்த அந்த அலுவலகத்தையே 2011-இல் மூடிவிட்டார்கள்.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை. 2018 பிப்ரவரி 14 அன்று மோசடி என்று வெளியே வந்த தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். வெளிநாட்டில் உள்ள வேறு இந்திய வங்கிக் கிளைகளுக்கு "இவருக்குக் கொடுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாகச் செய்தி போயிருக்கிறது. அதே பரிவர்த்தனை கோர் பேங்கிங்கில் ஏறவில்லை. இரண்டு சிஸ்டமும் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன. ஸ்விஃப்ட்டைப் பார்த்தவருக்கு அது முறையான செய்தி. கோர் பேங்கிங்கைப் பார்த்தவருக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. 2016-லேயே இந்த இடத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி சொன்னது. 2018 மார்ச்சில் அந்த உறுதிக் கடிதங்கள் கொடுக்கும் வழக்கத்தையே நிறுத்தியது. அந்த மோசடிச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. நம்மிடம் எந்தெந்த சிஸ்டம் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்று எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, குடோனுக்கு அப்புறம் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தோம். மேலிடம் ஒரு படிவம் அனுப்பியது. ஒவ்வொரு பிரிவும் தன் ரிஸ்க்குகளை எழுதி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டுக் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். நான் அவற்றை வாங்கித் தொகுத்து ஒரே கட்டமாக ஆக்க வேண்டும். முதல் காலாண்டில் ஓரளவு யோசித்து எழுதினார்கள். இரண்டாவதில் தேதியை மட்டும் மாற்றினார்கள். மூன்றாவதில் ஒரு பிரிவு போன முறை தேதியோடேயே அனுப்பிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிரிவில் உள்ளது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அதை எனக்காக இன்னொரு முறை எழுதுவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? எழுதியது அடுத்த பிரிவின் மேஜைக்குப் போகவே போகாது. என் மேஜைக்கு வந்து, சென்னைக்குப் போய், அங்கே ஒரு கோப்பில் படுத்துக்கொள்ளும்.

அதன் பிறகு எங்கள் மண்டல மேலாளர் ஒரு காரியம் செய்தார். மாதத்தின் முதல் வேலை நாளில், காலை ஒன்பதேகாலுக்கு, கவுன்டர் திறப்பதற்குமுன் நாற்பது நிமிடம் விவசாயம், சிறுதொழில், வீட்டுக்கடன், அந்நியச் செலாவணி ஆகிய நான்கு பிரிவுத் தலைவர்களும் நானும் கூட வேண்டும். ஸ்லைடு கிடையாது. படிவம் கிடையாது. ஒவ்வொருவரும் தன் பிரிவில் பெரிய பத்துப் பேரின் பெயரை, பான் எண்ணோடும் சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் பெயரோடும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் இரண்டு கூட்டமும் சப்பென்று போனது. படித்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். மூன்றாவது மாதம் அந்நியச் செலாவணிப் பிரிவில் கரூர் ஏற்றுமதியாளர் ஒருவர் பெயரைப் படித்தபோது வீட்டுக்கடன் தலைவர் நிமிர்ந்தார். "இவர் வீட்டம்மா பேர்ல எங்ககிட்ட ஒரு லோன் இருக்கு. போன மாசம் தவணை லேட்." அந்நியச் செலாவணிக்காரர் முகம் மாறிவிட்டது. அவரிடம் அந்த ஏற்றுமதியாளரின் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிச் சரக்கைத் தயார் செய்யக் கொடுத்த கடன், நாற்பது நாளாகத் திரும்பி வராமல் நின்றிருந்தது. ஆர்டர் தாமதம் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வங்கியில் கடன் கெட்டுப்போனதா இல்லையா என்பதைக் கணக்கு வாரியாகப் பார்ப்பதில்லை, கடனாளி வாரியாகப் பார்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒருவருடைய ஒரு கணக்கு தொண்ணூறு நாள் தாண்டி வராக்கடன் ஆகிவிட்டால், அதே ஆள் வேறு பிரிவில் ஒழுங்காகக் கட்டும் கணக்கும் வராக்கடன்தான். நல்ல விதி, நான் முழுதாக ஆதரிக்கிறேன். ஆனால் பிரிவுத் தலைவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். என் பிரிவில் இந்த ஆள் தடுமாறுகிறார் என்று சொன்னால், சகாவின் பிரிவு எண்ணிக்கையும் கெடும். அவர் என் மேல் கோபப்படுவார். சொல்லாமல் எப்படியாவது எண்பத்தொன்பதாம் நாள் பணத்தைக் கட்ட வைத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அப்படிக் கட்ட வைக்கிற பணம் சில சமயம் பக்கத்துப் பிரிவின் கேஷ் கிரெடிட்டிலிருந்தே எடுத்ததாக இருக்கும். இவர் பிரிவின் ஓட்டையை அடைக்க அவர் பிரிவு, தெரியாமலே, பணம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, படிவத்தை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்கிறவருக்குச் சேதம், சொல்லாதவருக்கு லாபம் என்று இருக்கும் வரை யாரும் சொல்ல மாட்டார்கள். மண்டல மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவர் பிரிவில் அந்தக் கணக்கு பின்னால் கெட்டால், அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் அதை எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய் திறக்காமல் இருந்து பின்னால் தெரிந்தால் இரண்டு மடங்காகக் கேட்கப்படும். இதை வாய்மொழியாக விடாமல் குறிப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு அவர் மேலிடத்தில் கொஞ்சம் திட்டு வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் ஏழு பெயர் வெளியே வந்தது.

பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று அப்போது சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடனைச் சிபாரிசு செய்கிறவர் ஒருவர், அனுமதிக்கிறவர் ஒருவர், பின்னால் கண்காணிக்கிறவர் ஒருவர் என்று வைத்திருப்பது காரணத்தோடுதான். மஞ்சளைப் பற்றி விவசாயப் பிரிவுக்குத் தெரிந்தது சிறுதொழில் பிரிவுக்குத் தெரியாது. விரலிக்கும் கிழங்குக்கும் விலை வித்தியாசம் என்ன, எத்தனை வருடம் இருப்பு வைத்தால் வண்டு விழும் என்று அவர்கள்தான் சொல்வார்கள். எல்லோரையும் ஒரே தலைவரின் கீழ் போட்டால் அவர் தப்பாகப் பார்த்தால் எல்லோரும் தப்பாகப் பார்ப்பார்கள். பிரிந்தே இருக்கட்டும். நான் கேட்பதெல்லாம் பிரிவுகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் போய் நிற்க ஒரு ஆளுக்கு உரிமையும், ஒரே பொருளை எல்லோரும் ஒரே பெயரால் எழுதும் வழக்கமும்தான். அடுத்த வருடத்திலிருந்து என் அறிக்கையில் பிரிவு வாரித் தலைப்பை எடுத்துவிட்டேன். மஞ்சள், பின்னலாடை, கோழி, லாரி என்று பொருள் வாரியாகப் போட்டு, அதன் கீழே யார் யார் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று எழுதினேன். நாமக்கல் கோழிப்பண்ணைக் கடன் நான்கு பிரிவிலும் சிதறிக் கிடந்தது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. முட்டை விலை நன்றாக இருந்த நேரத்திலேயே அது கண்ணில் பட்டது, அது பெரிய உதவி.

அந்த மஞ்சள் மண்டிக் கடன் மூன்று வருடம் இழுத்து, பாதி சரக்கிலும் மீதி ஒரு வீட்டை விற்றும் அடைந்தது. தம்பியின் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போனது என்று கேள்விப்பட்டேன். நாங்கள் இரண்டாவது கடனைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் அந்த அளவுக்கு மஞ்சளைப் பிடித்து வைத்திருக்கவும் மாட்டார்கள். வங்கியின் நஷ்டத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. இரண்டு பிரிவும் போட்டி போட்டுக் கொடுத்த கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதும் என் கணக்கில் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஒரு மதியம். விவசாயப் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண் அதிகாரி பெருந்துறைப் பக்கம் ஒரு குடோன் வாசலிலிருந்து போன் செய்தாள். எனக்கு இல்லை, பக்கத்து அறையில் இருந்த சிறுதொழில் அதிகாரிக்கு. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "சார், இங்க மூணாம் நம்பர் குடோன்ல நிக்கிறேன். உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன், இதுல உங்க சரக்கு ஏதாவது இருக்கா?" அவர் ஃபைலைப் புரட்டினார். "இருக்கும்மா, இருநூறு மூட்டை. நில்லு, நானும் வந்திடறேன்" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். சட்டையிலும் துப்பட்டாவிலும் மஞ்சள் தூள். கணக்கு சரியாகவே இருந்தது. அவர் அட்டி தனி, இவள் அட்டி தனி, நடுவில் ஆள் போகும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். இரண்டு ஃபைலிலும் அன்றைய தேதியைப் போட்டு, ஒருவர் கையெழுத்துக்குக் கீழே மற்றவர் கையெழுத்துப் போட்டார்கள்.